கார்டியனும் கஸ்டோடியனும்

கார்டியன், கஸ்டோடியன் ஆகிய இரண்டும் காப்பவரைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள். பள்ளி விண்ணப்பம், வங்கிப் படிவம், நீதிமன்றத் தீர்ப்பு, நாளிதழ்ச் செய்தி எனத் தமிழ்நாட்டில் பல இடங்களில் இவை புழங்குகின்றன. அகராதிகள் பெரும்பாலும் இரண்டுக்கும் ‘காப்பாளர்’, ‘பாதுகாவலர்’ என்றே பொருள் தருகின்றன. நடைமுறையில் இவற்றின் பொருள் வேறு. ஒரு பொருளையோ ஆளையோ தன் கைவசம் வைத்துச் சேதமின்றிக் காத்து, உரியவரிடம் ஒப்படைக்க வேண்டியவர் கஸ்டோடியன். தனக்காகத் தானே முடிவெடுக்க இயலாத ஒருவருக்காக, அவர் நலன் கருதி முடிவெடுக்கும் பொறுப்பு உள்ளவர் கார்டியன். முன்னவரிடம் கேட்கப்படும் கேள்வி ‘ஒப்படைத்தது பத்திரமாக இருக்கிறதா?’ என்பது. பின்னவரிடம் கேட்கப்படும் கேள்வி ‘இந்த முடிவை யாருடைய நன்மைக்காக எடுத்தீர்?’ என்பது.

ஒரே ஆள் இரண்டு பொறுப்பையும் வகிக்கலாம். பெற்ற பிள்ளையை வீட்டில் வைத்து வளர்க்கும் தாய் தந்தையர் அப்படிப்பட்டவர்கள். இரண்டும் வெவ்வேறு ஆட்களிடம் பிரிந்து போகும்போதுதான் சொற்களின் வேறுபாடு வெளிப்படுகிறது. அந்தப் பிரிவுக்குக் காஞ்சிபுரத்தின் கோயில் வரலாற்றிலும் பட்டுத் தறிகளிலும் தெளிவான எடுத்துக்காட்டுகள் கிடைக்கின்றன.

சொற்பிறப்பு

கார்டியன் என்ற சொல்லின் வேர் ஜெர்மானிய மொழிகளைச் சேர்ந்தது. ‘கவனித்துப் பார்த்தல், காவல் காத்தல்’ என்ற பொருளுடைய பழைய வினையொன்று பிரெஞ்சு மொழிக்குள் நுழைந்து, அங்கிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. பிரெஞ்சின் வடக்கு வட்டார வழக்கில் அது ‘வ’ ஒலியுடனும், மைய வழக்கில் ‘க’ ஒலியுடனும் வழங்கியது. ஆங்கிலம் இரண்டையுமே கடன் வாங்கிக்கொண்டது. அதனால்தான் கார்டு, வார்டு என்றும், கார்டியன், வார்டன் என்றும் இரட்டை இரட்டையாகச் சொற்கள் உள்ளன. ஆஸ்பத்திரி வார்டு, மாநகராட்சி வார்டு, ஹாஸ்டல் வார்டன், ரயில் கார்டு ஆகிய அனைத்தும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. 1890ஆம் ஆண்டின் கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் சட்டத்தின் பெயரில் காப்பவரும் காக்கப்படுபவரும் ஒரே வேரிலிருந்து பிறந்து பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள்.

கஸ்டோடியன் இலத்தீன் வழி வந்த சொல். ‘கஸ்டோஸ்’ என்றால் இலத்தீனில் காவற்காரர். அவர் செய்யும் வேலை ‘கஸ்டோடியா’. கஸ்டடி என்ற சொல்லும் அதிலிருந்தே வந்தது. அமெரிக்கப் பள்ளிகளில் கட்டடத்தைச் சுத்தம் செய்து, பூட்டித் திறந்து, பழுது பார்ப்பவரைக் கஸ்டோடியன் என்றே அழைக்கிறார்கள். அங்கே வேலைக்குச் செல்லும் தமிழர்களுக்கு முதலில் இது வியப்பாக இருக்கும். யோசித்தால் பொருத்தமான பெயர்தான்: கட்டடம் அவர் கைவசம் இருக்கிறது, அதில் என்ன பாடம் நடத்துவது என்பது அவர் முடிவு அன்று.

தமிழ் வழக்கில் உள்ள சிக்கல்

தமிழில் ‘கா’ என்ற ஓரெழுத்து வினையே இந்த வேலைகள் அனைத்துக்கும் போதுமானதாக இருந்துவந்துள்ளது. வயலைக் காப்பவரும் காவலர், நாட்டைக் காக்கும் அரசரும் காவலர். மதுராந்தகத்தில் உள்ள கோதண்டராமர் கோயிலின் இறைவனுக்கு ஏரிகாத்த ராமர் என்று பெயர். கம்பெனிக் காலத்தில் அப்பகுதியின் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ், பெருமழை இரவில் ஏரிக்கரை உடையாதபடி இரண்டு வில்லாளிகள் காவல் நிற்பதைக் கண்டார் என்பது அங்கு வழங்கும் கதை. அந்தக் கதையில் ராமர் செய்வது கார்டு வேலை. ஊர் அவரை நினைப்பதோ கார்டியனாக. குதிரையேறி இரவில் எல்லையைச் சுற்றிவரும் ஐயனாரையும் காவல் தெய்வம் என்கிறோம். ஆங்கிலத்தில் எழுதுவோர் அவரைக் கார்டியன் தெய்வம் என்றே குறிக்கிறார்கள். தமிழ் மனத்துக்கு இதில் முரண்பாடு எதுவும் தெரிவதில்லை.

அரசு அலுவலகத் தமிழ் வளர்ந்தபோது ஒவ்வொரு பதவிக்கும் தனிப்பெயர் வேண்டியிருந்தது. விடுதி வார்டன் ‘விடுதிக் காப்பாளர்’ ஆனார். அருங்காட்சியகத்தின் க்யூரேட்டர் ‘காப்பாட்சியர்’ ஆனார். வனத்துறையில் ‘வனக்காவலர்’ ஒரு பதவி, ‘வனக்காப்பாளர்’ வேறொரு பதவி. கோயில் டிரஸ்டிக்கு ‘அறங்காவலர்’ என்ற அழகான சொல் கிடைத்தது. கார்டியனுக்குச் சட்டத் தமிழில் ‘பாதுகாவலர்’, ‘காப்பாளர்’ என்ற இரண்டும் வழங்குகின்றன. கஸ்டோடியனுக்கு மட்டும் நிலையான சொல் அமையவில்லை. சில இடங்களில் ‘பொறுப்பாளர்’, சில இடங்களில் ‘பாதுகாப்பாளர்’, சில இடங்களில் மறுபடியும் ‘காப்பாளர்’. விடுதிக் காப்பாளரும் சட்டம் சொல்லும் காப்பாளரும் தமிழில் ஒரே பெயரைச் சுமக்கிறார்கள் என்பதால், விடுதியில் சேர்ந்த மாணவருக்கு வார்டனே கார்டியன் என்று பலர் நம்பிவிடுகிறார்கள். அந்த நம்பிக்கை சரியன்று.

காஞ்சியை விட்டுச் சென்ற இரண்டு திருமேனிகள்

17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் முகலாயப் படைகள் தென்னாட்டுக்குள் வந்தபோது காஞ்சிபுரத்துக் கோயில்களில் இருந்த உற்சவத் திருமேனிகளுக்கு ஆபத்து நேரும் என்ற அச்சம் எழுந்தது. 1688 அளவில் வரதராஜப் பெருமாளின் உற்சவத் திருமேனிகள் நகரை விட்டு வெளியே கொண்டுசெல்லப்பட்டன. பிணத்தை எடுத்துச் செல்வது போல் பாடை கட்டி மறைத்துக் கொண்டுபோனார்கள் என்பது கோயில் மரபு. தெற்கே, இன்றைய அரியலூர் மாவட்டத்தில் உள்ள உடையார்பாளையத்தின் காடுகளுக்கிடையே அவை பாதுகாப்பாக வைக்கப்பட்டன. அப்பகுதி அப்போது உடையார்பாளையம் பாளையக்காரரின் ஆட்சியில் இருந்தது.

ஆபத்து நீங்கியது. காஞ்சியில் வழிபாட்டை மீண்டும் முறையாக நடத்தலாம் என்ற நிலை வந்தது. ஆனால் பாளையக்காரர் திருமேனிகளைத் திருப்பித் தர மறுத்துவிட்டார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தன் ஊரில் இருந்து வழிபாடு பெற்ற பெருமாளை அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. கோயிலின் சார்பில் ஆத்தான் திருவேங்கட ராமாநுஜ ஜீயர் முயற்சி எடுத்தார். கர்நாடக நவாபு சாதத்துல்லா கானின் படைத்தலைவராக இருந்த லாலா தோடர்மல்லின் உதவியை அவர் நாடினார். அக்பரின் அமைச்சராக இருந்த தோடர்மல் நூறாண்டுக்கும் மேல் முந்தியவர். பெயர் ஒற்றுமையால் இருவரையும் ஒருவராகக் கருதும் குழப்பம் அவ்வப்போது நேர்கிறது. லாலா தோடர்மல் படையுடன் சென்று நெருக்கடி கொடுத்த பிறகே பாளையக்காரர் இணங்கினார். 1710இல் திருமேனிகள் காஞ்சிபுரம் திரும்பின. இந்த வரலாற்றைச் சொல்லும் கல்வெட்டு வரதராஜப் பெருமாள் கோயிலுக்குள் தாயார் சந்நிதிப் பகுதியில் இருக்கிறது. திரும்பி வந்த நிகழ்வு கோயிலில் உடையார்பாளைய உற்சவம் என்ற பெயரில் நினைவுகூரப்படுகிறது.

இதில் பாளையக்காரரின் நிலை கஸ்டோடியனுடையது. அவர் கடமையின் முதல் பாதியைக் குறையின்றிச் செய்தார். படையெடுப்புக் காலம் முழுவதும் திருமேனிகளுக்கு ஒரு சேதமும் வரவில்லை. இரண்டாம் பாதியான ஒப்படைப்பில்தான் தவறினார். அவரைக் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது, பக்தியினாலேயே மறுத்திருக்கலாம். கஸ்டோடியனுக்குப் பொருளின் மேல் பற்று வந்துவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இது பழைய எடுத்துக்காட்டு. ஜீயர் செய்தது கார்டியனின் வேலை. திருமேனிகள் அவர் கையில் இல்லை. பேச இயலாத ஒருவருக்காகப் பேசினார், வழி தேடினார், ஆள் பிடித்தார்.

மற்றொரு திருமேனியின் கதை வேறு விதமாக முடிந்தது. காமாட்சியம்மன் கோயிலில் இருந்த பொன் திருமேனி, பங்காரு காமாட்சி, இதே போன்ற அச்சத்தால் காஞ்சியை விட்டு வெளியேறியது. அதை எடுத்துச் சென்றவர்கள் அம்மனுக்குப் பரம்பரையாகப் பூசை செய்துவந்த குடும்பத்தார். பல ஊர்களில் தங்கி, திருவாரூரில் நெடுங்காலம் இருந்து, பிறகு 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தஞ்சாவூரை அடைந்தார்கள். கர்நாடக இசை மும்மூர்த்திகளுள் ஒருவரான சியாமா சாஸ்திரி இந்தக் குடும்பத்தில், 1762இல், திருவாரூரில் பிறந்தவர். தஞ்சை மராட்டிய அரசரின் ஆதரவில் மேல வீதியில் கோயில் அமைந்தது. பங்காரு காமாட்சி இன்றும் அங்கேதான் இருக்கிறாள். காஞ்சிக்குத் திரும்பவில்லை.

இந்தக் குடும்பத்தைக் கஸ்டோடியன் என்பதா, கார்டியன் என்பதா? எடுத்துச் சென்ற நாளில் அவர்கள் கஸ்டோடியன்கள். எந்த ஊரில் தங்குவது, எப்போது கிளம்புவது, எங்கே நிலைகொள்வது என்ற முடிவுகளையெல்லாம் தலைமுறை தலைமுறையாக அம்மனுக்காக எடுக்கத் தொடங்கியபோது கார்டியன் நிலைக்கு வந்துவிட்டார்கள். உடையார்பாளையத்தாருக்கும் இவர்களுக்கும் உள்ள வேறுபாடு, பூசை உரிமை தொடக்கத்திலிருந்தே இவர்களிடம் இருந்தது என்பதுதான். கைவசம் இருப்பதால் மட்டும் முடிவெடுக்கும் உரிமை வந்துவிடாது.

மைனராகக் கருதப்படும் தெய்வம்

இந்து கோயிலில் நிறுவப்பட்ட தெய்வத்தை இந்தியச் சட்டம் சொத்து வைத்திருக்கவும் வழக்குத் தொடுக்கவும் வல்ல சட்டமுறை நபராக ஏற்கிறது. தெய்வம் தானே வந்து கையொப்பமிட இயலாது என்பதால், சில காரியங்களுக்கு என்றென்றும் மைனராக இருப்பவர் போலக் கருதப்படுகிறது. இது ஓர் உவமை. எல்லா இடத்திலும் செல்லாது. மைனருக்குக் காலவரையறைச் சட்டம் தரும் சலுகை தெய்வத்துக்குக் கிடைக்காது என்று 2019ஆம் ஆண்டு அயோத்தித் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

சிலையை இடம் மாற்றலாமா என்ற கேள்வியே 1925இல் லண்டன் பிரிவி கவுன்சிலின் முன் வந்தது. கல்கத்தாவின் மல்லிக் குடும்பத்தில் குலதெய்வச் சிலையைப் பங்காளிகள் முறை வைத்துத் தங்கள் இல்லங்களுக்கு எடுத்துச் செல்வது பற்றிய வழக்கு அது. சிலை வெறும் தட்டுமுட்டுச் சாமான் ஆகாது, அதன் இருப்பிடம் பற்றிய விருப்பமும் மதிக்கப்பட வேண்டும், அந்த விருப்பத்தை எடுத்துச் சொல்லச் சொந்த நலன் இல்லாத ஒருவர் வேண்டும் என்று பிரிவி கவுன்சில் கருதியது. சிலையைக் கையில் வைத்திருந்தவர்களும் அதற்காகப் பேச வேண்டியவரும் அங்கே தனித்தனியே பிரிக்கப்பட்டார்கள்.

தமிழ்நாட்டில் இந்தப் பொறுப்பு தர்மகர்த்தாவிடம் இருந்தது. கம்பெனிக் காலத்து ஆங்கிலேயர்களுக்கு அவரை எந்தச் சொல்லால் அழைப்பது என்று தெரியவில்லை. தங்கள் மாதா கோயில் வழக்கை நினைத்துச் ‘சர்ச் வார்டன்’ என்றுகூட எழுதினார்கள். 1921இல் பிரிவி கவுன்சில், தர்மகர்த்தா ஆங்கிலச் சட்டம் சொல்லும் முழுப் பொருளில் டிரஸ்டி ஆகமாட்டார், சொத்து தெய்வத்துக்கே உரியது, அவர் நிர்வகிப்பவர் மட்டுமே என்று கூறியது. 1959ஆம் ஆண்டின் தமிழ்நாடு இந்து சமய மற்றும் அறக்கொடைகள் சட்டத்தின் கீழ் இப்போது அறங்காவலர்கள், செயல் அலுவலர், அறங்காவலர் இல்லாத இடத்தில் தக்கார் என்று பொறுப்புகள் பிரிந்துள்ளன. அச்சட்டத்தின் 34ஆம் பிரிவின்படி கோயிலின் அசையாச் சொத்தை விற்கவோ, அடமானம் வைக்கவோ, பரிமாற்றம் செய்யவோ, ஐந்தாண்டுக்கு மேல் குத்தகைக்கு விடவோ ஆணையரின் முன் அனுமதி வேண்டும். கோயிலுக்கு அவசியம் அல்லது நன்மை என்று காட்டினால்தான் அனுமதி. மைனரின் சொத்தை விற்கும் பெற்றோரிடம் நீதிமன்றம் கேட்பதும் ஏறத்தாழ இதே கேள்வி.

கருவறைச் சாவியும் நகைப் பெட்டகச் சாவியும் வைத்திருப்பவர்கள் கஸ்டோடியன்கள். பெட்டகத்தைத் திறக்கும்போது பட்டியலுடன் ஒப்பிட்டு எடை பார்ப்பது அவர்களைச் சந்தேகிப்பதால் நடப்பதன்று. கஸ்டோடியன் பொறுப்பை அளக்க வேறு வழியே இல்லை. 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை அத்திவரதர் திருக்குளத்துக்கு வெளியே இருந்த 48 நாளும் வரிசையை ஒழுங்குபடுத்திய காவல்துறையினர் இவை இரண்டும் அல்லர். அவர்கள் கார்டுகள்.

கார்டியனும் கஸ்டோடியனும் ஒரே வழக்கில் எதிரெதிரே நின்றதற்குப் பத்தூர் நடராஜர் நல்ல சான்று. 1976இல் சோழநாட்டுப் பத்தூரில் மண்ணுக்கடியில் கிடைத்த நடராஜர் செப்புத் திருமேனி கடத்தப்பட்டு லண்டனை அடைந்தது. கனடா நிறுவனம் ஒன்று அதை 1982இல் விலைக்கு வாங்கியது. லண்டன் மாநகரக் காவல்துறை அதைக் கைப்பற்றியது. வழக்கு நடந்த ஆண்டுகள் முழுவதும் திருமேனி காவல்துறையின் கஸ்டடியில் இருந்தது. அது யாருக்கு உரியது என்று முடிவு செய்வது அவர்கள் வேலை அன்று. பாழடைந்து கிடந்த விசுவநாத சுவாமி கோயிலின் சார்பில் உரிமை கோரியவர் அக்கோயிலின் தக்கார். இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1991இல் கோயிலின் உரிமையை ஏற்றது, நடராஜர் தமிழ்நாடு திரும்பினார். காவல்துறை பத்திரமாக வைத்திருந்திராவிட்டால் திருப்பித் தர எதுவும் இருந்திருக்காது. தக்கார் கேட்டிராவிட்டால் அது எங்கே போயிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

குழந்தை விஷயத்தில்

இந்த இரு சொற்களும் சாதாரணக் குடும்பத்தைத் தொடும் இடம் இதுதான். 1956ஆம் ஆண்டின் இந்து மைனர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 6ஆம் பிரிவு, மைனரின் இயற்கைக் காப்பாளர் தந்தை, அவருக்குப் ‘பிறகு’ தாய் என்கிறது. அதே பிரிவு, ஐந்து வயது நிறையாத குழந்தையின் கஸ்டடி சாதாரணமாகத் தாயிடமே இருக்கும் என்றும் சொல்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் சட்டம் வகுத்த வேலைப் பிரிவினை புரியும்: பாலூட்டி, சோறூட்டி, காய்ச்சலில் விழித்திருப்பவள் தாய், கையெழுத்துப் போடுபவர் தந்தை.

இதை எதிர்த்தவர்களில் ஒருவர் எழுத்தாளர் கீதா ஹரிஹரன். 1984இல் தம் மகன் பெயரில் ரிசர்வ் வங்கியின் பத்திரங்களை வாங்க, தாமே காப்பாளராகக் கையொப்பமிட்டு அவர் விண்ணப்பித்தார். கணவர் மோகன் ராமும் அதற்கு உடன்பட்டிருந்தார். வங்கி, தந்தையின் கையொப்பத்தைக் கேட்டு விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பியது. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. 1999 பிப்ரவரியில் வந்த தீர்ப்பு, ‘பிறகு’ என்ற சொல்லைத் தந்தையின் மரணத்துக்குப் பிறகு என்று மட்டும் கொள்ளக்கூடாது, தந்தை அக்கறை காட்டாமல் விலகி இருந்தாலோ, தாயிடம் பொறுப்பை ஒப்படைத்திருந்தாலோ, தந்தையின் வாழ்நாளிலேயே தாய் இயற்கைக் காப்பாளராகச் செயல்படலாம் என்று விளக்கியது. ஒரு சிறு சொல்லுக்கு நீதிமன்றம் தந்த பொருளால் எத்தனையோ தாய்மார்கள் கஸ்டோடியன் நிலையிலிருந்து கார்டியன் நிலைக்கு உயர்ந்தார்கள். சட்டத்தின் வாசகம் மட்டும் மாறவில்லை.

மாணவர்களுக்குப் புரியும்படி ஒரு கற்பனை எடுத்துக்காட்டு. பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவுக் குடும்பம். தந்தை இறந்துவிட்டார், தாய் வேலைக்காக வெளியூரில் இருக்கிறார், எட்டாம் வகுப்புப் படிக்கும் பையன் பாட்டியிடம் வளர்கிறான். பையன் பாட்டியின் கைவசம் இருக்கிறான், பாட்டி கஸ்டோடியன். பள்ளியின் ‘பெற்றோர் அல்லது கார்டியன்’ கோட்டில் பாட்டி கையெழுத்திட்டால் பள்ளி பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். தந்தை விட்டுச்சென்ற தறிக்கூடத்தில் பையனுக்கு உள்ள பங்கைப் பாட்டி விற்க முடியாது. தாய் வந்தாலும் நேரே விற்றுவிட முடியாது. இயற்கைக் காப்பாளரும் மைனரின் அசையாச் சொத்தை விற்க நீதிமன்றத்தின் முன் அனுமதி வேண்டும் என்று 8ஆம் பிரிவு சொல்கிறது. அன்பினால் வளர்க்கும் உறவினர் காப்பாளர் போலவே நடந்துகொண்டாலும், அந்தக் காரணத்தால் மைனரின் சொத்தில் கைவைக்க முடியாது என்று 11ஆம் பிரிவு தடுக்கிறது. தாயும் இல்லாமல் போனால், 1890ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தன்னைக் காப்பாளராக நியமிக்கும்படி பாட்டி நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். ‘நான்தானே வளர்த்தேன், எனக்கு எதற்கு கோர்ட்டு?’ என்று பாட்டி கேட்டால், அந்தக் கேள்வியின் நியாயத்தை மறுப்பது கடினம். ஆனால் இந்த ஏற்பாடு நல்ல பாட்டிகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டதன்று. சிறுவனின் வீட்டைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள நினைக்கும் உறவினரையும் அது எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

எல்லா இடத்திலும் சட்டம் இவ்வளவு கறாராக இல்லை. பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் நன்மைக்காக நல்லெண்ணத்துடன் செய்யப்படும் சிகிச்சை போன்றவற்றுக்குக் கார்டியன் மட்டுமின்றி, ‘சட்டப்படி பொறுப்பில் வைத்திருக்கும் வேறொருவரும்’ இசைவு தரலாம் என்று இந்திய தண்டனைச் சட்டத்தின் 89ஆம் பிரிவு கூறியது. இப்போதைய நியாய சன்ஹிதாவிலும் அந்த ஏற்பாடு தொடர்கிறது. உயிர் போகும் நேரத்தில் யார் கார்டியன் என்று தேடிக்கொண்டிருக்க முடியாது அல்லவா? விடுதி வார்டனின் இடமும் இதை ஒட்டியதே. பிள்ளை விடுதியில் இருக்கும் வரை அவன் பத்திரத்துக்கு அவர் பதில் சொல்ல வேண்டும். எந்தக் கல்லூரியில் சேர்ப்பது, சொத்தை என்ன செய்வது என்பவை அவர் எல்லைக்கு வெளியே.

தறியில் இருக்கும் பட்டு

காஞ்சிபுரத்து நெசவாளர் வீடுகளில் கஸ்டோடியன் என்ற ஆங்கிலச் சொல் புழங்குவதில்லை. அதன் பொருளை அறியாத வீடும் இல்லை. கூட்டுறவு சங்கத்திடமிருந்தோ மாஸ்டர் வீவரிடமிருந்தோ பாவும் ஊடைப் பட்டும் ஜரிகையும் எடை போட்டு வாங்கப்படுகின்றன. கூலிக்கு நெய்யும் நெசவாளருக்கு அவற்றில் ஓர் இழையும் சொந்தமில்லை. நெய்து முடித்த சேலை திரும்பப் போகும்போது மறுபடியும் எடை பார்க்கிறார்கள். கொடுத்த பட்டும் ஜரிகையும் சேலையில் இருக்கின்றனவா என்று கணக்கு சரிபார்க்கப்படுகிறது. குறைந்தால் கூலியில் பிடித்தம் வரலாம். நடுவில் உள்ள நாட்களில் அந்த விலையுயர்ந்த பொருள், குழந்தைகள் ஓடும், மழைக்கு ஒழுகும், எலி வரும் ஒரு வீட்டுக்குள் இருக்கிறது.

இத்தகைய ஒப்படைப்பில் எவ்வளவு கவனம் வேண்டும் என்பதை 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 151ஆம் பிரிவில் சொல்கிறது: சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளை எவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொள்வாரோ அவ்வளவு. அதற்கு மேல் வேண்டியதில்லை. அப்படிப் பார்த்துக்கொண்டும் வெள்ளத்தில் பாவு நனைந்து போனால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, இழப்பு நெசவாளரின் தலையில் விழாது என்பது அடுத்த பிரிவின் ஏற்பாடு. தறி முன் உட்கார்ந்திருப்பவர்களில் எத்தனை பேருக்கு இந்தப் பிரிவு சொல்லப்பட்டிருக்கிறது என்பது வேறு விஷயம். சேலையின் நிறத்தையும் கரையையும் பேட்டையும் முடிவு செய்வது பட்டுக்குச் சொந்தக்காரர். நெசவாளரின் கைத்திறம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அந்தப் பட்டின் மட்டில் அவர் கஸ்டோடியன்தான்.

பிற வழக்குகள்

நாளிதழ்களில் ‘கஸ்டடி’ அதிகம் தென்படுவது குற்றச் செய்திகளில். போலீஸ் காவல், நீதிமன்றக் காவல் என்று தமிழில் எழுதுகிறார்கள். இங்கே கஸ்டடியில் இருப்பவர் ஓர் ஆள். அவர் உடலுக்கு ஏதேனும் நேர்ந்தால் விளக்கம் தர வேண்டியது கைவசம் வைத்திருந்த அரசு. காவலில் நிகழும் மரணத்தை நீதிமன்றங்கள் தனிக் கவனத்துடன் பார்ப்பதற்கான அடிப்படை இந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது: பெற்றுக்கொண்டவர் பத்திரமாக ஒப்படைக்க வேண்டும்.

திருப்பித் தராத கஸ்டோடியனும் சட்டத்தில் உண்டு. 1968ஆம் ஆண்டின் எதிரிச் சொத்துச் சட்டம், பாகிஸ்தானுக்கும் சீனாவுக்கும் சென்று குடியேறியவர்கள் விட்டுச்சென்ற சொத்துகளை இந்திய அரசின் ‘கஸ்டோடியன்’ என்ற அதிகாரியிடம் ஒப்படைத்தது. மகமுதாபாத் அரச குடும்பத்தின் வழக்கில் 2005இல் உச்ச நீதிமன்றம், சொத்து வாரிசான இந்தியக் குடிமகனுக்குத் திரும்ப வேண்டும் என்று தீர்ப்பளித்தது. கஸ்டோடியன் என்ற சொல்லின் இயல்பான பொருளுக்கு அது ஒத்திருந்தது. 2017இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, வாரிசு இந்தியராகவே இருந்தாலும் சொத்து கஸ்டோடியனிடமே தொடரும் என்று ஆக்கியது. பதவியின் பெயர் மட்டும் பழையபடி இருக்கிறது.

பங்குச் சந்தையில் முதலீட்டாளரின் பங்குகளையும் பத்திரங்களையும் அவர் சார்பில் வைத்திருக்கும் நிறுவனத்துக்கும் கஸ்டோடியன் என்றே பெயர். எந்தப் பங்கை வாங்குவது, எதை விற்பது என்று அது முடிவு செய்வதில்லை. சொன்னதைச் செய்து கணக்குக் காட்டுகிறது. வங்கியில் பெற்றோர் குழந்தை பெயரில் தொடங்கும் கணக்கின் படிவத்தில் ‘கார்டியன்’ என்ற கட்டம் இருக்கும். குழந்தைக்குப் பதினெட்டு வயது நிறைந்ததும் அந்தக் கட்டத்தில் உள்ள பெயரின் அதிகாரம் முடிந்துவிடுகிறது. கணக்கை இயக்கப் புதிய கையொப்பம் கேட்டு வங்கி கடிதம் அனுப்பும்.